ஐந்தாம் நிலையத்துச் சேறு

என் கணவர் சேறு அள்ளுகிறார், நான் அதை அளக்கிறேன். இருவருக்கும் ஒரே அலுவலகம். ஆறு கடலில் சேரும் இடத்தில் அடியில் படிந்திருக்கும் மண்ணில் எவ்வளவு ஈயம், எவ்வளவு காட்மியம், எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று வருடத்துக்கு ஒரு முறை பார்த்து அறிக்கை எழுதுவதுதான் அலுவலகத்தின் வேலை. மற்ற மாதங்களில், அறிக்கை ஏன் தாமதமானது என்று விளக்கம் எழுதுவோம்.

ஆறு மேலே மலையில் பிறக்கும்போது நன்றாகத்தான் பிறக்கிறது. வழியில் கிடைக்கும் சகவாசம்தான் சரியில்லை. பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை, முலாம் பூசும் பட்டறைகள், தோல் பதனிடும் ஆலை, மூடிவிட்டுப் போன ஒரு சுரங்கம் என்று ஆளாளுக்கு, போகிற தண்ணீர்தானே என்று தங்கள் பங்கை ஊற்றி அனுப்புகிறார்கள். ஆறும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷியாக எல்லாவற்றையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடலுக்கு வந்து சேர்கிறது.

என் கணவருக்கு அலுவலகத்தில் ‘வெள்ளைச்சட்டை’ என்று பெயர். பதினோரு வருடமாகச் சேறு அள்ளப் போகிறவர், போட்டுக்கொண்டு போன சட்டை மடிப்புக் கலையாமல் திரும்பி வருவார். துணி துவைக்கிறவள் என்ற முறையில் எனக்கு அதில் பரம சந்தோஷம். சேற்றை அளக்கிறவள் என்ற முறையில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அலுவலக மூளையும் வீட்டு மூளையும் ஒரே தலைக்குள் குடியிருந்தும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கின்றன.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வந்த மண்ணை உலர்த்து, கட்டியை விரலால் உதிர்த்துவிடு, நுண்சல்லடையில் சலி, கீழே இறங்கும் பொடியை மட்டும் அள என்கிறது எங்கள் விதிமுறைப் புத்தகம். உலோகம் மணலில் அவ்வளவாக ஒட்டாது, களிமண்ணில்தான் ஒட்டும் என்பது காரணம். மணல் வழவழப்பு, யாரோடும் ஒட்டுறவு கிடையாது. களிமண் எங்கள் பண்டகக் காப்பாளர் மாதிரி, கைக்கு வந்ததை விடாது. ஆனால் இந்தச் சலிக்கிற வேலை இருக்கிறதே, ஒரு பொட்டலத்துக்கு அரை நாள் ஆகும், தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். முதலில் அரவை இயந்திரத்தில் போட்டு மாவாக்கிவிடுவேன். அப்புறம் சலிப்பேன். ஐந்தே நிமிடத்தில் அத்தனையும் இறங்கிவிடும். ‘சலிக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் போடுவேன். அதில் பொய் இல்லை, சலித்தேன்தானே? செங்கல்லைப் போட்டு அரைத்திருந்தாலும் இறங்கியிருக்கும் என்பது வேறு விஷயம்.

இந்த வருடம் அரவை இயந்திரம் ‘கிர்’ரென்று ஒரு சத்தம் போட்டு உயிரை விட்டது. பழுது பார்க்கிறவர் வந்தார். ஒரு திருகைக் கழற்றிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், அதே திருகை மாட்டிவிட்டு, உதிரிபாகம் வர ஆறு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அறிக்கைக்கு இருந்தது இரண்டு வாரம். வேறு வழியில்லாமல், பதினோரு வருடத்தில் முதல்முறையாக, புத்தகத்தில் சொன்னபடி செய்ய உட்கார்ந்தேன்.

முதலில் எடுத்தது ஐந்தாம் நிலையத்துப் பொட்டலம். ஆற்று முகத்துவாரத்தில் நாங்கள் மண் எடுக்கும் கடைசி இடம் அது. பத்து மணிக்குச் சலிக்க ஆரம்பித்தேன். ஒரு மணிக்குக் கீழ்த்தட்டைப் பார்த்தால், ஒரு சிட்டிகை. மூக்குப்பொடி போடுகிறவருக்குக்கூடப் போதாது. மேலே சல்லடையில் மினுமினுவென்று பொன்னிறத்தில் நல்ல மணல். பிள்ளைகளைக் கூப்பிட்டு வீடு கட்டி விளையாடச் சொல்லலாம். பொட்டலத்தின் மேலே என் கணவரின் முத்து முத்தான கையெழுத்தில் ‘சேறு’ என்று எழுதியிருந்தது.

சல்லடையோடு நேரே அவர் மேசைக்குப் போனேன்.

“ஐந்தாம் நிலையத்துச் சேறு எங்கே?”

“அதான் பொட்டலத்துல இருக்கே.”

“இது மணல்.”

“சேறுன்னா கொஞ்சம் மணலும் கலந்துதானே இருக்கும்.”

“கலக்கல. மணல் மட்டும்தான் இருக்கு. துவைச்சுக் காயப்போட்ட மாதிரி இருக்கு.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார். பதினைந்து வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரிந்த அடையாளம் இது. அவர் கண்ணாடியைத் துடைத்தால் குட்டு வெளிப்படப் போகிறது.

வெளிப்பட்டது. முதல் வருடம் ஐந்தாம் நிலையத்துக்குத்தான் படகை விட்டிருக்கிறார்கள். சேற்றுத் திட்டை நெருங்கும்போதே நீர் வற்றி, படகு தரைதட்டிவிட்டது. மறுபடி கடல் ஏறிவரும் வரை ஆறு மணி நேரம், இவரும் படகோட்டியும், ஒரு பாட்டில் தண்ணீர், தலைக்கு மேலே வெயில். மறுநாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முந்நூறு மீட்டர் இப்பால் ஒரு மணல்திட்டு. அங்கே நங்கூரம் போட்டால் படகு ஆடாது, மண் நாறாது, சாப்பாட்டு டப்பாவையும் திறக்கலாம். அன்றிலிருந்து அதுதான் ஐந்தாம் நிலையம்.

“இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையைப் பழைய மாதிரியே எழுதியிருக்கீங்களே?”

“அட்டவணைல இருந்ததைத்தான் எழுதினேன். முந்நூறு மீட்டர்தானே? கடல்ல அதெல்லாம் ஒரு தூரமா?”

நான் கத்திய கத்தலில் எதிர் மேசைக்காரர் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டார். என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் சாந்தமாக ஒன்று கேட்டார்.

“நான்தான் மணலை அள்ளிட்டு வந்தேன், சரி. மணல்னு உனக்குப் பதினோரு வருஷமாத் தெரியலையா? நீ சலிச்சியா இல்லையா?”

“சலிச்சேன்.”

“எப்படிச் சலிச்சே?”

“அரைச்சுட்டு.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எங்கள் கல்யாணத்தில் ஜாடிக்கேற்ற மூடி என்று வாழ்த்தியவர்கள் எவ்வளவு விவரமானவர்கள் என்று அன்றுதான் புரிந்தது. அவர் ஒழுங்காக அள்ளியிருந்தால் என் குறுக்குவழி பாதி கெடுதலோடு போயிருக்கும். நான் ஒழுங்காகச் சலித்திருந்தால் அவருடைய மணல் முதல் வருடமே மாட்டியிருக்கும். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையால் வந்த வினை.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உண்மையான ஐந்தாம் நிலையம் இருப்பது என் நாத்தனாரின் சிப்பிப் படுகையில். இவருடைய அக்கா அந்தச் சேற்றுத் திட்டைக் குத்தகைக்கு எடுத்துச் சிப்பி வளர்க்கிறாள். படுகை பாதுகாப்பானது என்று வருடாவருடம் எழுதிக் கொடுப்பது நாங்கள். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் அவள் விற்கிறாள். ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கும் ஒரு வாளி வரும். நாங்கள் இருவரும் சாப்பிடுவோம், பன்னிரண்டு வயது மகன் ஓட்டைக்கூட விடாமல் உறிஞ்சுவான். எல்லாவற்றுக்கும் மேலே, அக்காவின் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். வேறு எதைச் சாப்பிட்டாலும் குமட்டுகிறது, சிப்பி ஒன்றுதான் உள்ளே இறங்குகிறது என்று போன வாரம்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். தாயின் ரத்தத்தில் இருக்கும் ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்பது என் வேலையில் முதல் நாளே படிப்பது.

மறுநாள் காலை நானும் படகில் ஏறினேன்.

“அம்மா, நீங்களுமா? சேறாகும்மா,” என்றார் படகோட்டி.

“ஆகட்டும். பதினோரு வருஷத்துப் பாக்கி இருக்கு.”

இரும்புக் கவ்வியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். இரண்டு தாடை உள்ள பெட்டி அது, அடியில் போய்க் கடித்துக்கொண்டு வரும். மேலே வந்து வாயைத் திறந்ததும், அழுகிய முட்டை நாற்றத்தோடு கரேலென்று மை மாதிரி ஒரு சேறு ‘பொதக்’கென்று வெளியே வந்தது. வெள்ளைச்சட்டையின் வரலாறு அந்த நொடியோடு முடிந்தது. இரும்பில் படாத நடுப்பகுதியைப் பிளாஸ்டிக் கரண்டியால் நானே எடுத்தேன். விரலில் தேய்த்தால் நெருநெருப்பே இல்லை, வெண்ணெய். ஆறு கொண்டுவரும் நுண்களிமண் நல்ல தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தே வரும். உப்புத் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, பாரம் தாங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிடும். வழியெல்லாம் ஏறிய பயணிகள் ஒரே நிறுத்தத்தில் மொத்தமாக இறங்குகிற மாதிரி. அந்த நிறுத்தம்தான் ஐந்தாம் நிலையம். அதன் பக்கத்து மணல்திட்டில் உட்கார்ந்துகொண்டு, பேருந்தில் ஆளே இல்லை என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம்.

எட்டுப் பொட்டலம் எடுத்து முடிப்பதற்குள் நீர் வற்றிப் படகு தரைதட்டியது.

“அன்னிக்கே சொன்னேன்,” என்றார் படகோட்டி. யாரிடம், எதைச் சொன்னார் என்று தெரியவில்லை. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் படுகை ஓரமாக அக்கா வந்து நின்றாள். அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

“என்னடா, படகைக் கொண்டுவந்து இங்க சொருகிட்டே? எப்பவும் அந்த மணல்ல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிடுவே! இந்த வருஷம்தான் அக்கா படுகை கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

“சும்மாதான்க்கா! ஒரு மாறுதலுக்கு!” என்று இவர் பதிலுக்குக் கத்தினார். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. நான்கு மணி வரை இருவரும் சேறு பூசிய சிலைகளாக உட்கார்ந்திருந்தோம். ஒரு முறை மட்டும், “அளவு அதிகமா வராமலும் போகலாம் இல்ல?” என்று கேட்டார். வரலாம் என்று சொல்ல எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

இந்த முறை உலர்த்தி, விரலால் உதிர்த்து, சலித்தேன். கிட்டத்தட்ட எல்லாமே இறங்கிவிட்டது. அமிலத்தில் கரைத்து இயந்திரத்தில் கொடுத்தேன். மணலில் வருடாவருடம் கிலோவுக்குப் பதினோரு மில்லிகிராம் என்று வந்துகொண்டிருந்த ஈயம், சேற்றில் நூற்று அறுபத்து மூன்று. காட்மியம் இருபது மடங்கு. இயந்திரத்தைத் திட்டினேன். அளவு பார்க்கும் அதன் விளக்கை மாற்றினேன், மறுபடி அளந்தேன். நூற்று அறுபத்தொன்று. மூன்றாம் முறை நூற்று அறுபத்து நான்கு. வீட்டுக் குளிர்பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை மிச்சம் கொஞ்சம் சிப்பி இருந்தது. டப்பாவோடு கொண்டுவந்து அதையும் கரைத்து அளந்தேன். சாப்பாட்டில் இருக்கலாம் என்று அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு ஈயம். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன்.

எங்கள் இயக்குநருக்கு ‘நேர்கோடு’ என்று பெயர். வரைபடத்தில் புள்ளிகள் வரிசையாக நின்றால் அவருக்கு அன்று ஜீரணம் நன்றாக இருக்கும்.

“பதினோரு புள்ளி ஒழுங்கா வரிசையில நிக்குது. பன்னிரண்டாவது கூரை மேல ஏறி நிக்குது,” என்றார். “பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“முதல் பதினொண்ணும் தப்புன்னு நினைப்பாங்க சார்.”

“நம்மளைப் பத்தித் தப்பா நினைச்சுட மாட்டாங்களா?”

“சரியாத்தான் சார் நினைப்பாங்க.”

அவர் பேனாவை மூடினார், திறந்தார். “இந்த வருஷமும் அதே மணல்ல எடுத்ததையே போட்டுடலாமே? ஒப்பிட்டுப் பார்க்க வசதியா இருக்கும்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் ஒரு முகத்துவாரத்தையே மறைக்கப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பேசினார். இயக்குநர் முன்னால் ‘சரி சார்’ தவிர வேறு இரண்டு சொற்கள் அவர் சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

“அந்தப் படுகை எங்க அக்காவுது சார். அவ பொண்ணு ஏழு மாசம். தினம் சாப்பிடறா. காகிதம் நீங்க தரலைன்னாலும் நான் இன்னிக்குப் போய்ச் சொல்லிடுவேன்.”

நேர்கோடு வரைபடத்தை மடித்து இழுப்பறையில் வைத்தார். “எழுதுங்க,” என்றார் கடைசியில். “ஆனா ‘முறை மாற்றம்’னு போடுங்க. ‘தவறு’ன்னு போட வேணாம்.” நான் தவறு என்றே போட்டேன். யாருடைய தவறு என்பதையும், இரண்டு பெயராக, கீழே எழுதினேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அது எங்கள் அலுவலகத்தின் இன்னொரு விதிமுறை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனோம். சமையலறையில் நான்கைந்து தொட்டிகளில் சிப்பிகள் உப்புத் தண்ணீரில் கிடந்து, அவ்வப்போது ‘சிர்’ரென்று பீய்ச்சிக்கொண்டிருந்தன. அக்கா மகள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டிருந்தாள். என் கணவர் போன வேகத்தில் அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கழுவுமிடத்தில் கவிழ்த்தார்.

“பைத்தியமாடா உனக்கு?” என்றாள் அக்கா.

அவர் ஆரம்பித்தார். “அக்கா, வந்து, நாங்க…” கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான்தான் சொன்னேன். மணல்திட்டு, அரவை இயந்திரம், சேறு, எண்கள், எதையும் விடவில்லை. இதில் என் பங்கு இது, அவர் பங்கு இது என்றும் சொன்னேன். படுகையை மூட வேண்டியிருக்கும் என்றும், அக்கா மகள் இனி ஒரு சிப்பியைக்கூடத் தொடக் கூடாது என்றும் சொன்னேன்.

அக்கா கோபப்பட்டால் பக்கத்துத் தெருவில் கதவைச் சாத்துவார்கள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவள் கத்தவே இல்லை. தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“படுகையை மூடினா மூடிக்கட்டும்,” என்றாள். “ஆரம்பத்துல நாங்க இந்தச் சிப்பியை வாயில வைக்கல, தெரியுமா உனக்கு?”

“என்னக்கா சொல்றீங்க?”

“அந்தச் சேறு கருப்பு, நாத்தம். எனக்கு மனசே ஒப்பல. விக்கறதுக்கு உங்க காகிதம் போதும். சாப்பிடப் பயமா இருந்துச்சு. அதான் உங்க வீட்டுக்கு ஒரு வாளி கொடுத்தனுப்பினேன். அள்றவனும் அளக்கறவளும் ஒரே வீட்டுல இருக்கீங்க. ஏதாவது கோளாறுன்னா திருப்பி அனுப்பிடுவீங்கன்னு பார்த்தேன்.” அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீ வாளியைக் கழுவி அனுப்பினே. நல்லா இருந்துச்சுக்கா, இன்னும் இருந்தா அனுப்புங்கன்னு சொல்லி அனுப்பினே. அதுக்கப்புறம்தான் நான் இவளுக்குச் சமைச்சுக் கொடுத்தேன்.”

எங்களைச் சோதனை எலியாக வைத்திருக்கிறாளே என்று கோபப்பட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று பார்த்து ஒருத்தி தன் பெண்ணுக்குப் பரிமாறியிருக்கிறாள். நாங்கள் ருசி மட்டும் பார்த்திருக்கிறோம்.

“மன்னிச்சிடுங்கக்கா,” என்றேன். நான் அக்கா மகள் பக்கத்தில் போய், அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். “நீ பயப்படாதேம்மா. நாளைக்குக் காலைல ஆய்வகத்துக்கு வந்துடு. ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு நானே அளந்து சொல்லிடறேன். ஒரு மணி நேர வேலைதான்.”

அவள் வயிற்றின்மேல் வைத்திருந்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே என்னிடம் மரியாதையாகப் பேசுகிற பெண்.

“வேணாம் அத்தை,” என்றாள். “வேற யாராவது அளக்கட்டும்.”

தொட்டியில் ஒரு சிப்பி பீய்ச்சியது. நான் அவள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். “சரிம்மா,” என்றேன். பெரிய ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுப்பார்கள், நல்ல ஆய்வகம், என்னை அங்கே யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன்.

அக்கா எழுந்து, தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்ட ஆரம்பித்தாள்.

“அளக்கத்தான் வேணாம்னு சொன்னா,” என்றாள், திரும்பாமலேயே. “எட்டு மணிக்கு நீயும் அங்க வந்துடு. உன் பையனைக் கூட்டிட்டு வா. வரிசையில எங்களுக்குப் பின்னாடி நில்லு.”